தலைவர் பெயர் ஒட்டிய குப்பி

மேரு ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கிள்ளான் பட்டணம், பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற லோரிகள், தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரியில் கொடுத்த பேதி மருந்துப் பெட்டி. கிளம்பும்போது முதலில் எடுத்து வைத்தது அந்தப் பெட்டியைத்தான். சட்டை போனால் வேறு சட்டை கிடைக்கும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. புதன்கிழமை காலையில் என் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அந்த மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். தண்ணீர் தண்ணீராகப் போகும், கக்கூஸை விட்டு நகரக்கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். நகராமல் இருப்பதற்கு முதலில் ஒரு கக்கூஸ் வேண்டும். அன்று காலை வரை என்னிடம் ஒன்று இருந்தது. தலைவர் வீட்டுக் கிடங்கின் மூலையில், தகரக் கதவு போட்டது. அதை விட்டுவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். அதனால் இதைப் படிக்கிற யாரும் எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம்.

தலைவர் என்று நான் சொல்வது என் முதலாளியை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் வாடகைக்கு விடுகிறவர். இரும்புக் கால்கள், தார்ப்பாய், வட்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அவருடையவை. ஏற்றி, இறக்கி, கட்டி, பிரிக்கிற முதுகு எங்களுடையது. கூடவே ஒரு கோயிலுக்கும் அவர் தலைவர். அதனால் கிள்ளானில் பாதிப் பேர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். தன் பெயரை எழுதிப் பார்ப்பதில் அவருக்குத் தீராத தாகம். கோயிலுக்கு அவர் வாங்கிக் கொடுத்த குழல் விளக்கில் அவர் பெயர் சிவப்புச் சாயத்தில் இருக்கும். வெளிச்சம் குறைந்தாலும் பெயர் குறையாது. மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் பெயர். நாற்காலி முதுகுகளில் பெயர். சாவு வீட்டில் அழுகிறவர்கள் தலைவர் பெயரில் சாய்ந்துதான் அழுதார்கள்.

அவரிடம் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. செலாயாங் சந்தையில் மூட்டை தூக்கினேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுத்தேன். பூச்சோங்கில் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஜாகாவாகக் காவல் இருந்து கேட்டைத் திறந்து மூடினேன். எந்த இடத்திலும் கொஞ்ச நாளானால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கல்யாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அவளையும் எங்கேயாவது விட்டுவிட்டு வந்திருப்பேன். யாரோ ஒரு பெண் தப்பித்தாள். தலைவர் கிடங்கில் படுக்க இடமும் அவர் வீட்டுச் சாப்பாடும் கிடைத்ததால் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்துவிட்டேன்.

இனிப்புநீர் எனக்கும் உண்டு, தலைவருக்கும் உண்டு. எங்கள் ஆட்களில் அது இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணப் பந்தலில் தட்டு எடுக்கும்போது காதில் விழும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"காலைல குத்திப் பாத்தேன், சீனி பதினாலு. ஏழுக்குள்ள இருக்கணுமாம்."

"பதினாலா? போலா, என்னோடது பதினெட்டுக்குப் போய்ட்டு வந்துச்சு. அந்த ஜாங்கிரிய இந்தப் பக்கம் தள்ளு."

"ஊசி போடுறியா?"

"ஊசியா! எங்க மாமாவுக்கு ஊசி போட்டாங்க, மறு வருசமே காலு போச்சு."

ஊசியைத் தள்ளிப்போட்ட வருஷங்கள்தான் மாமாவின் காலைத் தின்றன என்பது அந்த மேசையில் யாருக்கும் உறைக்காது. கால் போகும், கண் போகும், கிட்னி போகும் என்பது வரைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்கள், பிள்ளைகள் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல. அந்த வரிசையில் குடலும் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தலைவரிடம் இரண்டு கார் இருந்தும் மருந்துக்கு அரசாங்கக் கிளினிக்குக்குத்தான் போவார். அங்கே மருந்து இனாம் மாதிரி. நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போய், அவருடைய மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அவர் திடீரென்று சன்னியாசி ஆகிவிடுவார். பாகற்காய்ச் சாறு, வெறும் கோப்பி, சாயங்காலம் நடை. பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பையன் மாதிரி. அங்கே இருந்த தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இதையெல்லாம் ரொம்பப் பார்த்தவர்.

"அங்கிள், இந்த ரத்தம் மூணு மாசக் கதையச் சொல்லும். ரெண்டு நாளு பாகக்காய் குடிச்சா அது மாறாது."

"நான் விரதம்மா. மாலை போட்டிருக்கேன்."

"விரதத்துல சீனி கூடாதுன்னு சாமி சொல்லலையா?"

தலைவர் சிரித்துக்கொண்டார். கோயில் திருவிழாவுக்காக ஒரு மண்டல விரதம் என்று மாலை போட்டிருந்தார். அந்த விரதம் கறிக்கும் மீனுக்கும் மட்டும்தான். லட்டு அவருக்குச் சைவமாகத்தான் தெரிந்தது.

அன்றுதான் மிஸ்ஸி அந்தக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். சுண்டு விரல் நீளம், பச்சை மூடி, மூடியோடு ஒரு குச்சி. மேலே தலைவர் பெயர் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது.

"காலைல வெளிக்குப் போனதும் இந்தக் குச்சியால நாலஞ்சு எடத்துல தொட்டு, மறுபடி உள்ள விட்டு மூடிக் கொண்டாங்க. இனிப்புநீர் இருக்கு, ஐம்பதும் தாண்டியாச்சு. குடல்ல ஏதும் இருக்கான்னு பாக்கணும்."

"எதத் தொடணும்?"

மிஸ்ஸி சொன்னார். தலைவர் முகம், கோயிலுக்குள் யாரோ செருப்போடு வந்துவிட்டதுபோல ஆனது. குப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே என்னிடம் நீட்டினார். மருந்துப் பையில் போட்டேன்.

காரில் ஏறியதும் சொன்னார்.

"தம்பி, நாளைக்குக் காலைல அத முடிச்சிடு."

அவருக்கு ஏதாவது ஆக வேண்டுமென்றால்தான் நான் தம்பி. மற்ற நேரத்தில் யோவ்.

"எத பாஸ்?"

"அந்தக் குப்பியத்தான்லா. சாமிக்குப் பூ எடுத்துக் குடுக்குற கையி இது. இதால போயி அத நோண்டச் சொல்றியா?"

"நோண்டுறேன் பாஸ். ஆனா என்னோடதுல பாத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருதும் ஒண்ணுதான்யா. நீயும் எங்க வீட்டுச் சாப்பாடுதான சாப்புடுற?"

எத்தனையோ பந்தலை அவர் பெயரில் கட்டியிருக்கிறேன். இதையும் அவர் பெயரில் செய்வதில் எனக்கு என்ன கஷ்டம்? மறுநாள் காலை தகரக் கதவுக்குப் பின்னால் வேலையை முடித்து, மூடியைத் திருகி, கிளினிக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். தலைவர் அன்றைக்குக் கோயிலில் பூ எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. தலைவர் போனைக் காதில் வைத்தபடி அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ரத்தம் இருக்காம்யா. கண்ணுக்குத் தெரியாத ரத்தமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தராங்களாம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், தான் யாருக்கு என்ன பாவம் செய்தோம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்தவற்றை நான் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. இரண்டு கமிட்டிக்காரர்கள் வந்து நெற்றியில் விபூதி வைத்தார்கள். வாசலைத் தாண்டியதும் அடுத்த தலைவர் யார் என்று குசுகுசுத்தார்கள். குப்பியில் ஒட்டியிருந்தது அவர் பெயர். பெயர் அவருடையதென்றால் சாமானும் அவருடையதுதான். வாழ்நாள் முழுக்க அப்படியே பழகிவிட்ட மனுஷன், உள்ளே இருந்தது யாருடையது என்பதையே மறந்துபோனார்.

மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. நான் லோரியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து கைலியோடு ஓடி வந்தார்.

"யோவ்! அது ஒன்னோடதுய்யா!"

"ஆமா பாஸ்."

"நேத்தே சொல்றதுக்கென்னலா!"

"சொல்ல வந்தேன், நீங்க வுடல."

தலைவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். என் தோளில் தட்டினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏ, எனக்கு ஒண்ணும் இல்லலா! அது இவனோடது!" முதல் வேலையாக லட்டு டப்பாவைத் திறந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

அவர் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அந்த அம்மா என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

"அப்ப அண்ணனுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்க அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"அவனுக்கு மூலமா இருக்கும்," என்றார் தலைவர் வாயில் லட்டோடு. "யோவ், நீ செவப்பு டிராகன் பழம் எதும் தின்னியா? அது அப்படித்தான் காட்டும்."

நான் லட்டைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு நாற்காலி அடுக்கினேன். எனக்கு வலி இல்லை, எடை குறையவில்லை, இரத்தத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் என் வயிறு எனக்குச் சொந்தமில்லாத ஒரு சாமான்போல முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது. இனிப்புநீருக்கு மருந்து வாங்கவே நான் எப்போதாவதுதான் கிளினிக் பக்கம் போவேன். ஊர் ஊராக மாறுகிறவனுக்கு அட்டை ஒரு இடத்தில் இருக்கும், ஆள் இன்னொரு இடத்தில் இருப்பான். என்னை வரிசையில் உட்காரவைத்து எந்த மிஸ்ஸியும் குப்பி கொடுத்திருக்க மாட்டார். தலைவருடைய அருவருப்புதான் என்னைச் சோதித்தது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தனியாக நடந்து கிளினிக்குக்குப் போனேன்.

"நீங்க யாரு அங்கிள்? தலைவர்கூட வர்றவருதான?"

"அந்தக் குப்பிக்குச் சொந்தக்காரன்."

மிஸ்ஸிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்புறம் திட்டினார். என்னைத் திட்டினார், இல்லாத தலைவரைத் திட்டினார், மாலையையும் விடவில்லை. திட்டிக்கொண்டே விரலில் குத்தி என் சீனியைப் பார்த்தார். அதற்கும் தனியாகத் திட்டு விழுந்தது.

"டிராகன் பழம் தின்னா அப்படிக் காட்டுமாமே?" என்று கேட்டேன்.

"இது மனுச ரத்தத்த மட்டும் காட்டும். பழத்தக் காட்டாது."

"இனிப்புநீருக்கும் குடலுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"சீனி கால்ல மட்டுந்தான் வேலை காட்டும்னு நெனச்சீங்களா? இந்த வியாதியில ஒடம்புல இன்சுலின் வருசக்கணக்கா கூடுதலா ஓடும் அங்கிள். இன்சுலின் வளர வைக்கிற சாமான். குடல்ல வளரக்கூடாத கட்டியும் அதுல வளர்ந்துடலாம்னு சொல்றாங்க. அப்புறம் தொப்ப, ஒக்காந்தே கெடக்குறது, சிகரெட்டு, இதெல்லாம் ரெண்டு வியாதியையும் கூட்டிட்டு வரும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. மத்தவங்களவிட ஒங்களுக்கு வாய்ப்பு கூட, அவ்வளவுதான்."

"ரத்தம்னா புத்துநோயா?"

"மூலமா இருக்கலாம். சின்னக் கட்டியா இருக்கலாம், அத அப்பவே வெட்டி எடுத்துருவாங்க. புத்துநோயாவும் இருக்கலாம். உள்ள பாக்காம யாரும் சொல்ல முடியாது, ஒங்க தலைவர் ஒட்பட."

எனக்கு ஒரு புதுக் குப்பி கொடுத்தார். அதில் என் பெயர் ஒட்டியிருந்தது. அடையாள அட்டையைத் தவிர என் பெயர் போட்ட சாமான் வேறு எதுவும் என்னிடம் இருந்ததில்லை. தலைவருக்கும் இன்னொரு குப்பி கொடுத்து, இந்தத் தடவை அவரே தொடணும், இல்லையென்றால் வீட்டுக்கே வருவேன் என்று சொல்லி அனுப்பினார்.

என் பெயர் போட்ட குப்பியிலும் இரத்தம் இருந்தது.

தலைவர் தன் குப்பியைக் கிடங்குக்குப் பின்னால் இருந்த லொங்காங்கில், அதாவது சாக்கடையில், எறிந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருக்கா பாத்தாச்சேலா. ரத்தம் ஒன்னோடதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்ப என்னோடது சுத்தம்தான?"

இதைச் சொன்னவர் ஒரு கோயிலுக்குக் கணக்குப் பார்க்கிறவர், மேடையில் பிள்ளைகளுக்குப் படிப்பின் அருமையைச் சொல்கிறவர். யாருமே பார்க்காத தன் குடலுக்கு, என் குடலில் இருந்த இரத்தத்தை வைத்து அவரே சான்றிதழ் எழுதிக்கொண்டார். அடுத்த கல்யாணத்தில், ஆஸ்பத்திரிக்காரர்கள் தன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்திய கதையை மேசை மேசையாகச் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி ஜாங்கிரியைக் கடித்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். ஒன்பது நாள் திருவிழா தொடங்குகிற அதே புதன்கிழமை. பேதி மருந்துப் பெட்டியைக் கொடுத்து, எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், முதல் நாள் என்ன சாப்பிடலாம் என்று சொன்னார்கள். மருந்து குடிக்கும்போது சீனி இறங்கித் தலை சுற்றினால் பால் இல்லாமல் சீனி போட்ட தேத்தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். சீனி குடிக்கச் சொல்லி ஒரு டோக்டர் சொன்னதை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டேன்.

"கூட யாரு வருவாங்க?" என்று கேட்டார் அங்கே இருந்த பெண்.

"யாரும் இல்ல."

"யாராச்சும் வரணும். மயக்க ஊசி போட்டா தனியா வுட மாட்டோம். ஆள் இல்லன்னா வேற தேதிதான்."

வேறு தேதிக்கு நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. என்னை எனக்குத் தெரியும். இந்தத் தடவை நழுவினால் அப்புறம் போக மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை தலைவரிடம் கேட்டேன். கிடங்கு வாசலில் திருவிழாவுக்கான இரும்புக் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பாஸ், செவ்வா சாயங்காலமும் புதனும் லீவு வேணும். கூட வர ஒரு ஆளும் வேணும்."

"புதன்கிழமையா? நட்டு கழண்டு போச்சா ஒனக்கு? பந்தல யாரு பாக்குறது?"

"இல்லாட்டி தேதி போயிடும் பாஸ்."

"போனா போவுதுய்யா. ஒம்பது நாள் கழிச்சுப் போ, எங்க ஓடிப் போகுது ஒன் கொடலு? அப்புறம் அங்க போயி இந்தக் குப்பி கதையெல்லாம் ஒளறி வைக்காத. கோயில் பேரு கெட்டுரும்."

"கிளினிக்கில ஏற்கெனவே சொல்லிட்டேன்."

அவர் முகம் கறுத்தது. அப்போது உள்ளேயிருந்து அக்கா வந்தார். கையில் கரண்டி.

"அண்ணன்கூட நான் போறேன்."

"நீயா? திருவிழா அன்னிக்கா? தலைவர் பொண்டாட்டி எங்கன்னு நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"உங்க குடலப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. உங்க பேருல போன குடலுதான?"

வேலைக்காரர்களில் ஒருவன் தார்ப்பாய்க்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தான். அதைத்தான் தலைவரால் தாங்க முடியவில்லை. மனைவியிடம் கத்த முடியாததை என்னிடம் கத்தினார்.

"போறதுன்னா மொத்தமா போய்யா! ரூம காலி பண்ணு! இன்னிக்கே!"

எனக்கு இது பழக்கமான வார்த்தை. எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், பாதி நேரம் அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் கிளம்பியிருக்கிறேன். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துப் பையில் வைத்தேன். அக்கா கேட் வரைக்கும் வந்தார்.

"புதன்கிழமை காலைல ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். நீங்க வரல, தேடி வந்து இந்தக் கரண்டியாலயே அடிப்பேன்."

"வருவேன்க்கா."

"சத்தியமா?"

"பெட்டிய எடுத்துட்டுத்தானக்கா போறேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். பையை நன்றாக மூடச் சொன்னார்.

அப்படித்தான் மேரு ரோட்டுக்கு வந்தேன். ஆள் கிடைத்துவிட்டது, கக்கூஸ் போய்விட்டது. நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். பெட்ரோல் நிலையக் கக்கூஸில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கதவைத் தட்டுவார்கள். ரோட்டோர ஒட்டுக்கடைகளில் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சாவி. சுராவில், அதாவது சின்னப் பள்ளிவாசலில், தொழ வருகிறவர்களுக்கு நடுவே போய் நான் அந்த வேலையைச் செய்ய முடியாது. தெரிந்தவர்கள் வீடு என்று எனக்கு இருப்பவையெல்லாம் நான் சொல்லாமல் விட்டுவந்த இடங்கள். இவ்வளவு பெரிய பட்டணத்தில், மாலுக்கு மால் பளிங்குக் கக்கூஸ் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் ஒரு சாயங்காலம் முழுக்கத் தொந்தரவில்லாமல் இருக்க ஒன்றுகூட இல்லை.

அன்று ஒரு கடை வரிசையின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் படுத்தேன். புதிதல்ல.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பக்கத்திலிருந்த பாசாருக்குப் போனேன். மீனும் காய்கறியும் விற்கிற ஈரச் சந்தை. அதன் பின்பக்கம் காசு கொடுத்துப் போகிற கக்கூஸ். வாசலில் ஒரு மேசை, மேசையில் சில்லறைத் தட்டு, டிஷ்யூ, பின்னால் கழுத்தில் சிலுவை போட்ட ஒரு வயதான தமிழர். ஒரு கையால் காசு வாங்கி, மறு கையால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எரிச்சல்.

"ஆள் இல்லையா அங்கிள்?"

"இருந்தான். வெள்ளிக்கிழமை போனவன் வரல. இந்த வேலைக்கி எவன் நிப்பான்? கேட்டா கௌரவமாம். இவனுங்க மட்டும் வெளிக்கிப் போறதே இல்ல பாரு."

"நான் நிக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"எதுலேந்து ஓடி வர?"

சொன்னேன். குப்பி, மாலை, லட்டு, இரத்தம், புதன்கிழமை, கரண்டி, எல்லாம். நடுவில் இரண்டு மீன்காரர்கள் வந்து போனார்கள்; அவர்களுக்கு டிஷ்யூ கொடுத்துக்கொண்டே கேட்டார். குப்பிக்கு வந்தபோது அவர் எரிச்சல் போய்விட்டது. லட்டுக்கு வந்தபோது மேசையில் அடித்துச் சிரித்தார்.

"கடவுளே! கோயில் தலைவரு! எங்க சர்ச்சுலயும் ஒருத்தரு இருக்காரு, இவனுக்கு அண்ணன். சரி, ஒனக்கு இப்ப வேலை வேணுமா, கக்கூசு வேணுமா?"

"ரெண்டும் அங்கிள். இன்னிக்கி சாயங்காலத்துக்குக் கக்கூசு வேணும். நாளைக்கி லீவு வேணும். மறுநாள்லேந்து நிப்பேன்."

"வேலைக்கிச் சேர்ற அன்னிக்கே லீவு கேக்குறவன இப்பதான்யா பாக்குறேன்."

"நாளைக்கி உள்ள என்னா இருக்குன்னு தெரியாது. நிப்பேன்னு சொல்றது அதுக்கப்புறம்தான் நிச்சயம்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து காலைத் தடவினார். அவருக்கும் இனிப்புநீர்தான், மேசைக்குக் கீழே ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கட்டு. அவரும் ஐம்பதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர்.

"எனக்கு அந்தக் குப்பியெல்லாம் யாரும் குடுக்கலயே," என்றார்.

"கேட்டா குடுப்பாங்க அங்கிள். ஆனா நீங்கதான் தொடணும்."

"நான் இதுலயே நாள் பூரா கெடக்குறவன். எனக்கென்னா?" என்று சொல்லி இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். "பாசாரு மத்தியானம் மூடிடும். எல்லாம் கழுவி வுட்டுட்டு நான் போயிடுவேன். அதுக்கப்புறம் மொத்தக் கக்கூசும் ஒன்னோடதுதான். எந்தக் கதவு வேணுமோ எடுத்துக்க."

பையை மேசைக்கு அடியில் வைத்தேன், பெட்டி நசுங்காதபடி. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு துடைப்பத்தை வாங்கினேன். ஆறு கதவுகள். முதல் ஐந்தை வேகமாகக் கழுவினேன். ஆறாவதன் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிளிடம் திருப்புளி வாங்கி அதை இறுக்கி, வாளியில் தண்ணீர் நிரப்பி, தரையை இரண்டு தடவை தேய்த்தேன்.

வாசலில் ஒரு கோழிக்கடைக்காரர் அவசரமாக வந்து நின்றார்.

"அண்ணே, எது காலி?"

"அஞ்சாவது போங்க," என்றேன். "ஆறாவது ஆள் இருக்கு."